பழுப்புப் படத்தில் நின்றவளின் பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவை ஒருக்களித்துச் சாத்துங்கள். மலைக்காற்று உள்ளே புகுந்தால் தேத்தண்ணி ஆறிப்போகும். இன்றைக்கு உங்களுக்காக ஒரு கதை வைத்திருக்கிறேன். பெற்ற தாயின் படத்தைப் பார்த்துவிட்டு, இது செத்துப்போய் நூறு வருஷமான யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொண்ட மகளின் கதை. நடுவில் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். கண் கலங்கினால் துடைத்துக்கொள்ளுங்கள். எழுந்து போகும்போது மனம் நிறைந்துதான் போவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

எல்ல என்கிற டவுனுக்குக் கீழே, நாமுனுகலை மலை எதிரே நீலமாய்த் தெரிகிற சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கீழ்ப்பிரிவில் ஒரு நீளமான லயம். ஒன்றோடொன்று முதுகு ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த வரிசைக் காம்பராக்களில் ஒன்றில்தான் ஜெயந்தினி இருந்தாள். அவளும் அவள் மகள் விதுஷாவும். புருஷன் சதீஸ்குமார் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் வருவான், மற்ற நாளெல்லாம் போனில் குரல்தான்.

ஜெயந்தினி என்று ஒரு பெயர் அவளுக்கு இருந்ததே தவிர, அதை வாயால் சொல்ல ஆள் இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது அவள் ஒரு நம்பர். லயத்தில் அவள் விதுஷா அம்மா. புருஷனுக்கு அவள் "என்னா, சாப்பிட்டியா". மாரியம்மன் திருவிழாவில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது மட்டும் பூசாரி "பேரு?" என்று கேட்பார். அப்போது தன் பெயரைத் தன் வாயாலேயே சொல்வாள். சொல்லும்போது யாரோ இன்னொருத்தியின் பெயரைச் சொல்வதுபோல அவளுக்கே கூச்சமாக இருக்கும்.

தோட்டத்தில் வேலை நாள் குறைந்துகொண்டே போன காலம் அது. கொழுந்து இல்லை என்று அரைநாளோடு அனுப்பிவிடுவார்கள். சில நாள் அதுவும் இருக்காது. அதனால் எல்லயில் ஒரு விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்புத் துவைக்கப் போனாள். கொஞ்ச காலத்தில் அந்த விடுதிக்காரன் துவைக்கிற மெஷின் வாங்கிவிட்டான். அந்த வேலையும் போயிற்று. வெறுங்கையோடு ரோட்டு வளைவில் ஏறி வந்தவளை, அங்கே செவ்விளநீர்க் கடை போட்டிருக்கிற றஹீம் நாநா கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு வெள்ளைக்காரன் கொழுந்தெடுக்கிற பொம்பளைய போட்டோ புடிக்கணும்னு நிக்கிறான். கொஞ்ச நேரம் நின்னு குடுக்கிறீங்களா? காசு தருவான்."

"நான் தெனமும் கொழுந்து எடுக்கிறவதானே நாநா. மலைக்கு வந்தா பாக்கலாமே."

"அது தெரியும். ஆனா நீங்க எடுக்கிறது உர பேக்கில தச்ச பையில. அவனுக்குப் பிரம்புக் கூடைதான் வேணுமாம். நனையாம இடுப்பில கட்டிக்கிற அந்தப் படங்குத் துணியையும் கழட்டணுமாம். செவப்புச் சீலை இருந்தா நல்லம் என்கிறான்."

"அப்ப அவனுக்கு வேண்டியது நான் இல்ல, வேற யாரோ."

"யாரா இருந்தா என்ன, நிக்கிறது நீங்கதானே," என்று நாநா சிரித்தார்.

அன்றைக்கு நின்றாள். அப்புறம் வாரத்தில் சில நாள் நின்றாள். சிவப்புச் சேலையும் பிரம்புக் கூடையும் நாநாவின் கடையிலேயே இருந்தன. கூடையின் விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்து போயிருந்தது. அவளே நைலோன் கயிறு போட்டு இழுத்துக் கட்டினாள். வீட்டில் மட்டும், விடுதிக்குத் துவைக்கப் போவதாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏன் மறைத்தாள் என்று கேட்பீர்கள். உழைத்துத் தின்கிறவளுக்கு, உழைக்கிற மாதிரி நிற்பது கூச்சமாயிருந்தது. அது ஒன்று. மற்றது விதுஷா.

தரம் பத்துப் படிக்கிற பிள்ளை, வாய் நல்ல கூர். ஒரு நாள் பதுளைக்குப் போய்வந்த பஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள், இடையில் சொன்னாள்: "அந்த வளைவுல ஒரு பொம்பள நிக்கிதும்மா. அந்தப் பக்கம் திரும்பி நின்னிச்சு, மூஞ்சி தெரியல. செவப்புச் சேலை, கூடை, கையில வளையல். வேசம் கட்டிக்கிட்டு வெள்ளைக்காரனுக்குப் பல்லக் காட்டுதுங்க. நம்ம எவ்வளவு கஸ்டப்பட்டு வந்தவங்கன்னு நாங்க சொல்லிக்கிட்டிருக்கோம், இதுங்க மானத்த வாங்குதுங்க."

ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்த ஜெயந்தினியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு பிசைந்தது. "அவளுக்கு என்ன கஸ்டமோ," என்று மட்டும் சொன்னாள்.

இப்போது பள்ளிக்கூடத்துப் பக்கம் வருவோம். அங்கே வரலாறு படிப்பிக்க வந்திருந்தவள் றிஸ்னி டீச்சர். பதுளை டவுன் பிள்ளை. தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்து, தலையை மூடிய முக்காட்டில் பனித்துளியோடு வந்து இறங்குவாள். ஒரு நாள் அவள் வகுப்பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பதுளை பஸாரில என்ட வாப்பாக்குக் கடை. தோட்டத்து ஆக்கள் வந்து சாமான் வாங்குவாங்க. அவங்க கையால தேத்தூள் வந்திச்சு, அது தெரியும். ஆனா அவங்க எப்படி இந்த மலைக்கு வந்தாங்க, ஏன் இவ்வளவு காலம் அவங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாம இருந்திச்சு என்று நான் கேட்டதே இல்ல. பல்கலைக்கழகம் போய்த்தான் படிச்சேன். எனக்கு வெக்கமாப் போச்சு. அதனால நீங்க சொல்லணும். உங்கட வாயால, உங்கட போனால."

அவள் சொல்லிக் கொடுத்த முறை இதுதான். ஆளுக்கு மூன்று நிமிஷக் கதை. முதலில் குரல். தன் குடும்பத்துக்கு நடந்ததைத் தன் குரலில் பதிய வேண்டும். அந்தக் குரலுக்குப் பொருத்தமாகப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாய் ஒட்ட வேண்டும். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடும். அதை டீச்சர் செய்து தருவாள். முடிந்ததும் பெரிய திரையில் காட்ட வேண்டும். தாய் தகப்பன்மாரோடு, மலைக்குக் கீழே இருக்கிற சிங்களக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்து பார்ப்பார்கள். "அவங்களும் நீங்களும் ஒரே பஸ்ஸில போறீங்க. உங்கள அவங்களுக்குத் தெரியா. அது அந்தப் பிள்ளைகள்ட குத்தம் இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கல," என்றாள்.

விதுஷா தன் கதையை எழுதி, பக்கத்துக் காம்பரா ரேடியோ சத்தம் விழாமலிருக்கப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிந்தாள். வெளியே அடுப்பூதிக்கொண்டிருந்த ஜெயந்தினிக்கு அந்தக் குரல் கம்பளிக்குள்ளிருந்து வரும் பூனைக்குட்டிச் சத்தம்போலக் கேட்டது. கேட்கக் கேட்க ஊதுகிறதை விட்டுவிட்டாள்.

"என் பாட்டியின் பாட்டி தலைமன்னாரில் கப்பல் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்தாள். அவளோடு புறப்பட்டவர்கள் எல்லோரும் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவர்கள் காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். இந்த நாடு சுதந்திரம் அடைந்த அதே வருஷம், அவள் பிள்ளைகள் இந்த நாட்டவர் இல்லை என்று சட்டம் சொன்னது. வாக்குரிமையும் போனது. பிறகு இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசி, எங்களில் யார் எங்கே போவது என்று பங்கு பிரித்துக்கொண்டன. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே காம்பராவில் பிறந்த அக்கா இங்கே நின்றாள், தங்கை, நாங்கள் கோச்சி என்கிற ரயிலேறி, இந்தியாவுக்குப் போனாள்."

இங்கே நின்ற அந்த அக்கா, ஜெயந்தினியைப் பெற்றவள். இதையெல்லாம் எப்போதோ கொழுந்துப் பை தைக்கிற பொழுதில் மகளிடம் துண்டு துண்டாய்ச் சொன்னது ஜெயந்தினிதான். துண்டுகளை இப்படிச் சேர்த்தால் இவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

குரல் ஆயிற்று. படத்துக்கு எங்கே போவது? அந்த வீட்டில் படம் என்று இருந்தது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதுவும் கூரை ஒழுகி மாப்பிள்ளையின் முகம் கரைந்து, ஜெயந்தினி ஒரு மாலைக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிற மாதிரி இருக்கும். லயத்தில் வேறு யார் வீட்டிலும் பழைய படம் இல்லை. அந்தக் காலத்தில் இவர்களைப் படம் பிடித்தவர்கள் படத்தை இவர்களிடமா கொடுத்தார்கள்? அதனால் விதுஷா போனில் தேடினாள். தேடிப் பிடித்ததை அன்று சாயங்காலம் அடுப்படிக்குக் கொண்டுவந்தாள்.

"அம்மா, இந்தா பாரேன். பழைய காலத்துச் சிலோன் படங்கன்னு ஒரு பக்கத்துல இருந்திச்சு. நம்ம பூட்டி இப்பிடித்தான் இருந்திருப்பாங்க, இல்ல?"

படம் முழுக்கப் பழுப்பு நிறம். ஓரங்கள் தீய்ந்த காகிதம் மாதிரி. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒருத்தி. தலைத்துணி, ஒரு பக்கத்துக் காது, கழுத்து, முதுகில் பிரம்புக் கூடை.

கூடையின் விளிம்பில், பிய்ந்த இடத்தை இழுத்துக் கட்டிய கயிறு.

ஜெயந்தினி போனைக் கிட்டே கொண்டுபோனாள். தூரப் பிடித்தாள். அடுப்பு வெளிச்சத்தில் அந்தக் கயிற்று முடிச்சு அவளைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி இருந்தது. எவனோ ஒருவன் எடுத்துப் போன படத்தை எவனோ ஒருவன் பழுப்பாக்கி நூறு வருஷம் பின்னால் தள்ளியிருந்தான்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றாள். "இவ பேரு என்னன்னு போட்டிருக்கா?"

"பேரெல்லாம் இல்லம்மா. யாரு எழுதி வச்சிருப்பா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். பல்லைக் காட்டுகிறவள் என்று மகள் சொன்னது காதில் வந்து நின்றது. "பொகையில நிக்காத, போய்ப் படி," என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். சொன்னால் மகள் தலை குனிவாள். சொல்லாவிட்டால், இத்தனை உண்மையைச் சொல்லப் போகிற பிள்ளை, சபைக்கு நடுவே பொய்யான ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எந்தப் பக்கம் புரண்டாலும் முள்ளாகவே இருந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் படம் காட்டினார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் வெள்ளை விரிப்பு ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கைகால் கழுவிக்கொண்டு நேரே வந்து உட்கார்ந்தார்கள். கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில், கொஞ்சம் ஒடுங்கி, முன்வரிசையில் இருந்தார்கள். ஜெயந்தினிக்குப் பக்கத்தில் இராக்கம்மா. அடுத்த காம்பரா, கொழுந்தெடுக்கிற மலையிலும் அடுத்த நிரை, வாயில் எப்போதும் வெற்றிலை.

சில பிள்ளைகளின் கதை முடிந்து விதுஷாவின் முறை வந்தது. போர்வைக்குள் பூனைக்குட்டியாய்க் கேட்ட குரல் இப்போது மண்டபம் முழுக்க நிறைந்தது. மண்டபத்தில் ஒரு பெஞ்சும் அசையவில்லை. அப்போது விரிப்பில் அந்தப் படம் வந்தது. போனில் விரலளவு இருந்த முதுகு இங்கே ஆளுயரத்துக்கு நின்றது. கீழே இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது: பெயர் தெரியாத ஒரு தொழிலாளி.

இராக்கம்மா மெல்லுவதை நிறுத்தினாள்.

"அடியே."

"என்னக்கா."

"அது ஒன் முதுகுடி."

"பேசாம இரு."

"எத்தன வருசமா எனக்கு முன்னால நெரையில போற முதுகு. எனக்குத் தெரியாதா? ஒம் மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

இராக்கம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். வயிறு குலுங்கியது. பிறகு ஜெயந்தினியின் கண்ணைப் பார்த்தாள். குலுங்கல் நின்றது. அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

படம் முடிந்ததும் கைதட்டினார்கள். யாராவது ஏதாவது கேட்கலாம் என்றாள் றிஸ்னி டீச்சர். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி எழுந்தாள். நெத்மி என்று அவள் பெயர். சிங்களத்தில் மெல்லக் கேட்டாள். டீச்சர் தமிழில் சொன்னாள்:

"அந்தப் படத்தில நிக்கிற அம்மாட பேர் என்ன என்று கேக்கிறா. ஏன் பேர் தெரியாது என்று போட்டிருக்கீங்க, யாருமே அவங்களிட்ட கேக்கலயா என்கிறா."

விதுஷா மைக்கைப் பிடித்தாள். "யாரும் கேக்கல. எங்க ஆளுங்க பேரு யாருக்கும் வேண்டியிருக்கல. வேலைக்கு ஆள் வேணும், ஆளுக்குப் பேரு எதுக்குன்னு விட்டுட்டாங்க. எங்களுக்கு நடந்த அநியாயத்துல அதுவும் ஒண்ணு."

மறுபடி கைதட்டல். ஜெயந்தினிக்கு அந்தக் கைதட்டல் தன் கன்னத்தில் விழுவதுபோல இருந்தது. மகள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. நூறு வருஷத்துக்கு முந்தியவளின் பெயரை யாரும் கேட்கவில்லைதான். ஆனால் இந்தப் படத்தில் நிற்கிறவள் இந்த மண்டபத்திலேயே, உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது ஒரு பிள்ளை எழுந்து நின்று பெயர் என்ன என்று கேட்டுவிட்டது. திருவிழாப் பூசாரியைத் தவிர வேறு யாரும் கேட்காததை, முகம் தெரியாத ஒரு பிள்ளை கேட்டுவிட்டது. இதற்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால், பெயர் தெரியாது என்று சொன்னவர்களின் வரிசையில் தானும் போய் நிற்கிற மாதிரி ஆகாதா?

அவள் எழுந்தாள்.

"டீச்சர், அந்தப் பொம்பளைக்குப் பேரு இருக்கு."

"என்னக்கா?"

"ஜெயந்தினி." குரல் வெளியே வரவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். "ஜெயந்தினிங்க. அது நான்தான். ரோட்டு வளைவுல கூடைய மாட்டிக்கிட்டு போட்டோவுக்கு நிப்பேன். போன வருசம் யாரோ எடுத்தது."

இராக்கம்மாவும் எழுந்து நின்றாள்.

"நான் சாட்சிங்க டீச்சர். செத்துப்போனவ இல்ல. நல்லா மூணு வேளையும் திங்கிறவதான்."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. யாரையும் நோகடிக்கிற சிரிப்பில்லை அது. நெஞ்சில் கனத்துக் கிடந்தது இறங்கின சிரிப்பு. ஆனால் விதுஷாவின் முகம் கருத்துவிட்டது. மைக்கை மேசையில் வைத்தாள். அது கடமுடவென்று உருண்டது. பக்கக் கதவால் வெளியே போய்விட்டாள்.

ஜெயந்தினி பின்னால் ஓடப் பார்த்தாள். அதற்குள் முன்வரிசையில் ஒரு பையன் ஏதோ கேட்டான். றிஸ்னி டீச்சர் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னாள்: "அப்ப மத்ததெல்லாமும் பொய்யா என்று கேக்கிறான்."

இதற்குப் பதில் சொல்லாமல் ஓடமுடியுமா?

"இல்ல தம்பி," என்றாள் ஜெயந்தினி. "படந்தான் பொய். மத்ததெல்லாம் நெசம். கோச்சியில போனது எங்க சின்னம்மா. போன பெறகு எங்கம்மா அவங்களப் பாக்கவே இல்ல. பாக்காமயே செத்துட்டாங்க. அவங்க ரெண்டு பேரும் பொறந்த அதே காம்பராவுலதான் நாங்க இப்பவும் இருக்கோம். நம்பிக்கை இல்லாட்டி வா தம்பி. தேத்தண்ணி ஊத்தித் தர்றேன், குடிச்சிட்டுப் பாத்துட்டுப் போ."

டீச்சர் அதைச் சிங்களத்தில் சொன்னாள். தேத்தண்ணி என்ற இடத்தில் பையன் சிரித்துவிட்டு உட்கார்ந்தான்.

வெளியே பனி இறங்கியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற பீலியடியில் விதுஷா முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவினது போதாமல் மறுபடியும் கழுவினாள்.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது. வேசம் கட்டிக்கிட்டுப் பல்லக் காட்டுறவன்னு சொன்னியே."

"அது நீதான்னு எனக்குத் தெரியுமா?"

"அப்ப வேற யாராவது ஒருத்தின்னா சொல்லலாமா?"

விதுஷா மறுபடி பீலிக்குக் கீழே கையை நீட்டினாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அதையும் விடு," என்றாள் ஜெயந்தினி. "இந்த முதுகுலதான உன்னத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். வேலைக்குப் போறப்ப பிள்ளைக்காம்பராவுல விட்டா கத்துவ, தூக்குனாத்தான் நிப்பாட்டுவ. அந்த முதுகக்கூடத் தெரியலையே ஒனக்கு. இராக்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு வழியே வந்த சிரிப்பு. "மண்ணு நெறத்துல இருந்தா எப்பிடித் தெரியும்? நீ எப்பவும் அந்தப் பச்சச் சட்டையோடதான இருப்ப."

"போன் வாங்கித் தான்னு நின்னியே. துவைக்கிற வேலை அப்பவே போயிருச்சு. அந்த வளைவுல நின்னுதான் அது வந்துச்சு."

விதுஷா பீலியடிக் கல்லில் வைத்திருந்த போனைப் பார்த்தாள். அம்மாவின் படத்தைத் தேடித்தந்த போன். ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, அம்மாவின் முதுகுப் பக்கம் போய் நின்று, நெற்றியை அந்த முதுகில் வைத்தாள். அவ்வளவுதான். ஜெயந்தினி திரும்பவில்லை.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் திரும்பி வந்தவள், நேரே நெத்மிக்கு எதிரே போய் நின்று தமிழும் அரைகுறைச் சிங்களமுமாகச் சொன்னாள்: "நான் தப்பாச் சொல்லிட்டேன். இது எங்கம்மா. பேரு ஜெயந்தினி. நீ கேட்டதுக்கு நன்றி."

றிஸ்னி டீச்சர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "தப்பு விதுஷாட மட்டும் இல்ல. படம் யார்டயோ அவங்களிட்ட கேக்கணும் என்று நான்தான் சொல்லித் தந்தேன். பழைய படம்தானே, யாரிட்ட கேக்கிறது என்று நானும் விட்டுட்டேன். பக்கத்தில இருக்கிற ஆள உயிரோட இல்ல என்று நெனைக்கிற பழக்கம் எங்களுக்கெல்லாம் இருக்கு. வெக்கப்பட வாணாம், திருத்துவோம்."

திருத்தினார்கள். அந்த மாதம் முழுக்க விதுஷா மறுபடி வேலை செய்தாள். புதிய கதையும் அதே பழுப்புப் படத்தோடுதான் தொடங்குகிறது. குரல் சொல்கிறது: "இந்தப் படத்தைப் பார்த்து, இவள் நூறு வருஷத்துக்கு முந்தியவள் என்று நம்பினேன். ஏன் நம்பினேன்? அதே சரிவு, அதே வெயில், அதே மாதிரி ஒரு லயத்துக்குத்தான் சாயங்காலம் இவளும் திரும்பிப் போகிறாள். நூறு வருஷத்தைப் பழுப்பு நிறம் ஒன்றால் மூடிவிட முடிகிறது என்றால், எவ்வளவு கொஞ்சம் மாறியிருக்கிறது என்று பாருங்கள்." அப்படிச் சொல்லும்போதே பழுப்பு மெல்ல விலகி நிறம் ஏறும். சேலை சிவக்கும். செடி பச்சையாகும். கூடையின் முடிச்சில் நீலக் கயிறு தெரியும். அடுத்த படத்தில் ஜெயந்தினி முகத்தைக் காட்டி நிற்கிறாள், பச்சைச் சட்டை, இடுப்பில் படங்கு, உரப் பையில் தைத்த கொழுந்துப் பை. தன் பெயரைச் சொல்கிறாள். பெற்றவளின் பெயரையும், கோச்சியேறிப் போன சின்னம்மாவின் பெயரையும் சொல்கிறாள்.

இது தெரிந்ததும் லயத்துப் பெண்கள் விடவில்லை. "என் பேரும் வரணும்," என்று இராக்கம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து நின்றாள். "எங்கம்மா பேரையும் போடு. அவளுக்கு வோட்டு கெடைக்காமயே போயிட்டா. இதுலயாவது இருக்கட்டும்." அடுத்தவள், அதற்கடுத்தவள் என்று பெயர் வந்துகொண்டே இருந்தது. மூன்று நிமிஷத்துக்குள் அடங்கவில்லை. டீச்சர், நீளட்டும் என்றுவிட்டாள்.

கேள்வி கேட்ட பையனும் நெத்மியும், அவர்கள் பள்ளிக்கூடத்து டீச்சரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வந்தார்கள். காம்பராவைப் பார்த்தார்கள். கூரையில் ஒழுகுகிற இடத்தையும், கல்யாணப் போட்டோவையும் பார்த்தார்கள். பையன் ரொட்டியும் சம்பலும் தின்றான். போகிறபோது நெத்மி, "ஜெயந்தினி அம்மே," என்று சொல்லிக் கும்பிட்டாள். ஜெயந்தினி அவள் தலையில் கை வைத்தாள். "நீ கேட்டியே, அது போதும் தங்கம்," என்றாள். அந்தப் பிள்ளைக்குச் சொல் புரிந்திருக்காது. கை புரிந்திருக்கும்.

இன்னமும் சில நாட்களில் அவள் அந்த வளைவில் நிற்கிறாள். வயிறு இருக்கிறதே. ஆனால் இப்போது சிவப்புச் சேலை இல்லை. இளநீர்க் கடைப் பலகையில் றஹீம் நாநா கட்டம் கட்டமான ஒரு சின்னப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார். போனை அதற்கு நேரே பிடித்தால் விதுஷாவின் கதை ஓடும். கேமராவைத் தூக்குகிறவர்களிடம் அவர் கண்டிப்பு: "முதல்ல கதை. பொறகு போட்டோ." பார்த்து முடித்தவர்களில் சிலர் படமே எடுக்காமல் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சிலர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். விதுஷா விடுமுறை நாட்களில் அம்மாவோடு வந்து நின்று இங்கிலீஷில் பதில் சொல்வாள். எடுத்த படத்தின் கீழே என்ன எழுத வேண்டும் என்று அவளே எழுத்துக்கூட்டிக் கொடுப்பாள்.

ஒரு நாள் கொழும்பிலிருந்து சதீஸ்குமார் போன் எடுத்தான். கடைக்குச் சாப்பிட வந்த யாரோ அந்தக் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எட்டிப் பார்த்தானாம். அதைச் சொல்லி முடித்தான். பிறகு, "ஜெயந்தினி," என்றான். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க," என்றாள் அவள். சொல்லிவிட்டு, ஒழுகுகிற கூரைக்குக் கீழே, அந்தக் கல்யாணப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாளாம்.

கண்ணுகளா, இந்தளவும் கேட்டீர்களே, உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். அடுப்பு அணையாமல் எரியட்டும். தூரம் போனவர்கள் சுகமாய்த் திரும்பி வரட்டும். உங்களுக்கு முன்னால் போனவர்களின் பெயரை உங்கள் பிள்ளைகள் வாய் நிறையச் சொல்லட்டும். உங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்க, அந்த வீட்டில் எப்போதும் ஒரு குரல் இருக்கட்டும்.